எச்சில் காப்பி

என் மாமியாருக்கு உலகத்திலேயே பிடிக்காத சத்தம், டம்ளரில் வாய் வைத்துக் காப்பியை உறிஞ்சும் சத்தம். மாதுங்காவில் எங்கள் வீட்டு வாசலில் அப்போது டிராம் கடகடவென்று போகும். பின்பக்கம் லோகல் ரயில் ஓடும். கீழே காய் விற்கும் பாஜிக்காரன் தொண்டை கிழியக் கத்துவான். அதெல்லாம் அவர் காதில் ஏறாது. சமையலறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு நான் ஒரே ஒரு வாய் உறிஞ்சினால் போதும், கூடத்திலிருந்து குரல் வந்துவிடும்.

"யாருடீ அங்கே எச்சல் பண்றது?"

வேறு யார் பண்ணுவார்கள்? வீட்டில் இருந்ததே மூன்று பேர். என் கணவர் ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. காலையில் ரயிலைப் பிடிக்க ஓடினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். மாமனார் காலமாகி வெகு நாளாகியிருந்தது. மிச்சம் நானும் மாமியாரும்தான். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர் என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி சொல்ல வந்தபோது, "உன் வேலையைப் பாத்துண்டு போ" என்று அவளை வாசலோடு அனுப்பிவைத்தார். காப்பியைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவர் குடிப்பதைப் பார்க்க வேண்டும். தலையை நன்றாக அண்ணாத்தி, டம்ளரை உதட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஒரே கோடாகத் தொண்டைக்குள் இறக்குவார். ஒரு சொட்டு சிந்தாது. எனக்கு அந்த வித்தை வரவே இல்லை. தூக்கிக் குடித்தால் பாதி மூக்கில் ஏறும், பாதி புடவையில் வழியும். புடவையைத் துவைக்கிறவள் நான்தானே என்று வாய் வைத்தே குடித்தேன். அவர் திட்டுவார், நானும் முணுமுணுப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

வியாதி அவருடைய கட்டைவிரலில் ஆரம்பித்தது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும்போது ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. மனசுக்குள் ஜபம் எண்ணுகிறார் என்று நினைத்து நான் மெச்சிக்கொண்டேன். செம்பூரிலிருந்து வந்த நாத்தனாரிடம், "அம்மாவுக்கு என்ன பக்தி பாருங்கோ அக்கா" என்றுகூடச் சொன்னேன். அப்புறம் பேசும்போதும் விரல் எண்ணியது, தூங்கப் போகும் வரை எண்ணியது. பகவானுக்கே போதும் போதுமென்று ஆகியிருக்கும். பிறகு நடை குறுகியது. சமையலறை நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். உள்ளே வரவும் முடியாது, திரும்பவும் முடியாது. "என்ன அம்மா, பர்மிட் கிடைக்கலையா?" என்பேன். சிரிப்பார். ஆனால் சிரிப்பு முகத்துக்கு வந்து சேராது. முகம் அப்படியே மரம் மாதிரி இருக்கும்.

எங்கள் டாக்டர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர். இது நடுக்குவாதம், மாத்திரை கொஞ்சம் பிடித்துவைக்கும், குணமாக்காது என்று சொல்லிவிட்டார். வருஷங்கள் போனதில் பிடித்துவைப்பதும் நின்றுபோயிற்று. நான் சொல்ல வந்த சமயத்தில் அவரால் தானாகப் படுக்கையில் புரளக்கூட முடியாது. குரல் காற்றாகிவிட்டது. காதை உதட்டருகே கொண்டுபோனால் ஒன்றிரண்டு வார்த்தை கிடைக்கும், பல நாள் அதுவும் கிடைக்காது.

காலையில் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் அவரைத் துடைத்துவிட வேண்டும். வெந்நீரில் நனைத்த துண்டால் கழுத்து மடிப்பு, அக்குள், விரலிடுக்கு எல்லாம் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றி, முதுகில் எண்ணெய் தடவி, குதிகாலும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சிவந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் படுக்கவிட மாட்டேன். படுக்கைப்புண் மட்டும் வரக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி. ஒன்பது கஜத்தைக் கட்டுவது முடியாத காரியமாகிவிட்டதால் அதை இரண்டாகக் கிழித்து, பாதியை இடுப்பில் சுற்றி, மீதியைத் தோளில் போடுவேன். கிழித்த நாளன்று அவர் கை படபடவென்று ஆடியது.

அந்தக் கை பேசும் என்று நான் கண்டுபிடித்துவைத்திருந்தேன். முகம் ஒன்றும் சொல்லாது. நடுக்கம் சொல்லிவிடும். மனசு சமாதானமாக இருந்தால் விரல் மெதுவாக உருளும். கோபமோ பயமோ வந்தால் மணிக்கட்டு வரைக்கும் உதறும். வருகிறவர்கள் எல்லாம் மரமாகிவிட்ட முகத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று முடிவு கட்டி, தலைக்கு மேலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம் காலைக் காப்பி ஒன்றுதான். மாதுங்கா மார்க்கெட்டில் கொட்டை வாங்கி, வறுத்து அரைத்து, அவர் சொல்லிக்கொடுத்த கணக்கில் டிகாக்ஷன் இறக்குவேன். மணம் வந்ததும் விரல் நிதானப்படும். முன்பு எப்படி அண்ணாந்து குடித்தாரோ அப்படியே அவரைக் குடிக்கவைப்பதுதான் மரியாதை என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கழுத்து முன்னால் விறைத்து வளைந்திருக்கும். நான் பின்னால் நின்று, இடது உள்ளங்கையால் நெற்றியை அழுத்தி, தலையை என் வயிற்றில் சாய்த்து, வலது கையால் உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். உதட்டில் டம்ளர் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வேன். இரண்டாவது வாயிலேயே இருமல் வந்துவிடும். கண் பிதுங்கும், முகம் நீலம் பாரிக்கும். முதுகைத் தட்டி, துடைத்து, மறுபடி விடுவேன். நாத்தனார் தன் வீட்டிலிருந்து வெள்ளிப் பாலாடை கொண்டுவந்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோல் அண்ணாத்திப் புகட்டிப் பார்த்தார். இருமல் இன்னும் அதிகமாயிற்று.

மழைக்காலத்தில் ஒரு தடவை ஜுரம் வந்து மார்பு கட்டிக்கொண்டது. ஊசி போட்டுத் தேறினார். கொஞ்ச நாளிலேயே மறுபடி வந்தது. இரண்டாம் தடவை தேறி எழுந்தபோது பாதி ஆளாகத்தான் இருந்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"காப்பி வயத்துக்குப் போகலை, நெஞ்சுக்குப் போறது. இன்னொரு தடவை வந்தா என் கையில இல்லை. ஞாயித்துக்கிழமை வரேன். மூக்கு வழியா ரப்பர் குழாய் போட்டுடறேன். கஞ்சி, பால், மருந்து எல்லாம் அதுலயே விட்டுடலாம். அதுவரைக்கும் தண்ணியா ஒண்ணும் வாயில விடாதீங்கோ. குழைச்ச சாதம் மட்டும் துளித் துளியா குடுங்கோ."

"காப்பி?" என்றேன்.

"அதையும் குழாயில விட்டுக்கலாம். ருசி தெரியாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷிக்கு ஒரு நாளில் மிச்சமிருப்பதே ஒரு டம்ளர் ருசி. அதை எடுத்துவிட்டு அவ்வளவுதான் என்கிறாரே. ஆனால் என்ன சொல்ல? அந்த மனுஷர் நேரங்காலம் பார்க்காமல் வந்து இரண்டு தடவை உயிரைக் காப்பாற்றியவர். என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க சொன்னா சரிதான் டாக்டர்" என்றார், சுரத்தே இல்லாமல். நான் போர்வையைப் பார்த்தேன். அடியில் கை உதறிக்கொண்டிருந்தது. போர்வை முழுதும் ஆடியது. வேறு யாரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவருக்குக் காப்பி இல்லை. கணவருக்காக இறக்கும் டிகாக்ஷன் மணம் வந்ததும் விரல் நிதானமாகும். சும்மா காத்திருக்கும். ஒன்றும் வராது என்று தெரிந்ததும் மறுபடி உதறத் தொடங்கும். எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? ஆனாலும் குடிக்காமல் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நாள் எனக்கும் ஒரு டம்ளர் கலந்துவிட்டேன். அவரைத் துடைத்து, கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, விழாமல் இருக்க மார்பில் துண்டைச் சுற்றி, கணவரின் எழுதுமேஜைக்கு நெருக்கமாகத் தள்ளியிருந்தேன். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று. என் டம்ளரை அதே மேஜையில் வைத்து இரண்டு வாய் உறிஞ்சியிருப்பேன். வாசலில் பாத்திரம் தேய்க்கும் வேலைக்காரி கதவைத் தட்டினாள். திறந்தேன். அவள் புருஷன் குர்லாவில் வேலை செய்த பட்டறையில் ஏதோ சண்டையாம். அதைக் கேட்டு, சரி சரி என்று அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்புகிறேன், கூடத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது. உறிஞ்சும் சத்தம்.

என் மாமியார் குனிந்திருந்தார். வியாதி அவரை முன்னால் வளைத்துவைத்திருந்தது போதாதென்று இன்னும் குனிந்து, மோவாய் நெஞ்சில் பட, டம்ளர் விளிம்பில் உதட்டைப் பதித்து, உதட்டாலேயே அதைக் கொஞ்சம் சாய்த்து, என் காப்பியை இழுத்துக்கொண்டிருந்தார். நான் வாய் வைத்துக் குடித்த காப்பியை. பாதிக்கு மேல் காலி. இருமல் இல்லை. ஒரு செருமல்கூட இல்லை.

எனக்குச் சிரிப்பு குபீரென்று வந்தது. அடக்க முடியவில்லை. "யாரும்மா அங்கே எச்சல் பண்றது?" என்று கேட்டேவிட்டேன். அவர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். தலையைத் தூக்க அவரால் முடியாது. கண் மட்டும் மேலே உருண்டு என்னைப் பார்த்தது. கை படபடவென்று அடித்தது, டம்ளர் சாய்ந்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை என் தோளில் அணைத்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது.

அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. அண்ணாந்தால் இருமல். குனிந்தால் இருமல் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அதையே செய்துபார்த்தேன். தலையைப் பின்னுக்குத் தள்ளாமல், அது எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டு, மோவாய் தாழ்ந்திருக்க, டம்ளரை உதட்டில் பொருத்தி, ஒரு வாய் கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும் வரை பொறுத்து, அடுத்த வாய். கொஞ்சம் கெட்டியாகப் பால் காய்ச்சிப் போட்ட காப்பி இன்னும் சுலபமாக இறங்கியது. இத்தனை நாளும் நாங்கள் மரியாதை என்று நினைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து மூச்சுக் குழாய்க்குள் விட்டிருக்கிறோம். எச்சில் பார்க்காத வீடாக இருந்திருந்தால் என்றைக்கோ டம்ளரை வாயில் வைத்துக் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். கதவு சாத்தியிருந்தால்தான் குடிப்பார். என் கணவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், உதடு பூட்டிக்கொள்ளும். என் முன்னால் பரவாயில்லை, நானே எச்சில் பண்ணுகிற ஜாதி. பிள்ளை முன்னால் மாட்டார். பெண் முன்னால் நிச்சயம் மாட்டார். நாத்தனார் அம்மாவையே உரித்துவைத்தவர். இதில் அம்மாவைவிடவும் கறார். டம்ளர் எச்சில் பட்டதென்றால் புளி போட்டுத் தேய்த்து, அதற்கு மேல் சாணமும் இடுவார். கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அம்மாவா? வாய் வெச்சா?" என்று கேட்டுவிட்டு நம்பாமல் சிரித்தார். டாக்டர் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். அது நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். குழாயை வெந்நீரில் போடச் சொன்னார். செம்பூர் பஸ்ஸில் நாத்தனாரும் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டில் தலைமாட்டில் நின்றார். மாமியாரைத் தலையணை முட்டுக்கொடுத்துக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, நான் வெந்நீரோடு காப்பியும் கொண்டுவந்தேன்.

"ஒரு நிமிஷம் டாக்டர். நீங்க இதைப் பாத்துட்டுப் போடுங்கோ" என்று டம்ளரை மாமியார் உதட்டில் வைத்தேன்.

"என்னடீ பண்றே, எச்சல் பண்ணியா குடுக்கறே அம்மாவுக்கு?" என்றார் நாத்தனார்.

உதடு பூட்டிக்கொண்டுவிட்டது. ஊசி நுழையாது. கை உதறியது. காதோரம் குனிந்து, "அம்மா, இது இல்லேன்னா அதுதான். அந்தப் பாத்திரத்துல கெடக்கு பாருங்கோ" என்றேன். பார்த்தார். திறக்கவில்லை. கெஞ்சினேன். திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த அம்மாள் மேல் இல்லை. சுற்றி நின்று அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லோர் மேலும்தான்.

"எல்லாரும் திரும்பி நில்லுங்கோ" என்றேன்.

"என்னது?"

"நைவேத்தியத்துக்குத் திரை போட்டா பாக்க மாட்டோமில்லையா? அப்படி. சுவரைப் பாத்து நில்லுங்கோ. டாக்டர், நீங்களும்தான். காதால கேளுங்கோ, போறும்."

என் குரலில் என்ன இருந்ததோ, திரும்பிவிட்டார்கள். ஆபீஸ் குமாஸ்தா, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும் டாக்டர், செம்பூர் நாத்தனார், மூன்று பேரும் வரிசையாகச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை மட்டும் டம்ளரைப் பிடித்திருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. கீழே ஒரு டிராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று. அப்புறம் டம்ளர் விளிம்பை ஏதோ தொட்டது என் விரலுக்குத் தெரிந்தது. சின்னதாக ஒரு உறிஞ்சல். பொறுத்திருந்தேன். இன்னொன்று. இருமல் வரும் வரும் என்று இன்னொரு கையை அவர் முதுகில் தயாராக வைத்துக்கொண்டேன். வரவில்லை. மூன்றாவது உறிஞ்சல் நன்றாகவே சத்தமாக இருந்தது.

அந்தச் சத்தத்தை நாத்தனாரால் தாங்க முடியவில்லை. திரும்பிவிட்டார். தாயும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போச்சு, எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். மாமியார் கண்ணைத் தாழ்த்தவில்லை. பெண்ணைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினார். டம்ளர் காலியாகும் வரை உறிஞ்சினார். பிறகு உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"சக்கரை போறலை."

நான் அதை உரக்கச் சொன்னேன். என் கணவர் சுவரைப் பார்த்தபடியே தோள் குலுங்க அழுதார். டாக்டர் முதுகில் வெகு நேரம் வைத்துக் கேட்டார். பின்னால், முன்னால், மறுபடி பின்னால். "எங்காத்துலயும் எல்லாரும் தூக்கித்தான் குடிக்கறோம். எனக்கே தோணலை பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, வெந்நீரில் கிடந்த குழாயை எடுத்து உதறித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஜுரம் வந்தா உடனே ஆள் அனுப்புங்கோ" என்றார். நாத்தனார் காலி டம்ளரை வாங்கிக்கொண்டுபோய்த் தேய்த்தார். புளி போட்டுத்தான் தேய்த்தார்.

அதற்கப்புறம் வெகு நாள் நன்றாகவே போயிற்று. காலையில் காப்பி, மத்தியானம் குழைத்த ரசம் சாதம், ஏகாதசிக்கு மட்டும் பால். மார்கழியில் பொங்கல் கேட்டார், மசித்துக் கொடுத்தேன். நெய் குறைச்சல் என்று கை உதறியது. பிள்ளை முன்னாலும் குடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் வந்தால் அவரே டம்ளரைப் பிடிப்பார், நாங்கள் எல்லோரும் அன்றைக்குச் சுவரைப் பார்த்தோமே, அதுபோல முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக்கொண்டு. நான் கூடத்திலேயே உட்கார்ந்து சத்தமாக உறிஞ்சிக் குடித்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்குமே என்றுகூட இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் குனிந்தும் இறங்கவில்லை. ஒரு வாய் உள்ளே போவதற்குள் அவருக்குக் களைத்துவிடும். வாயிலேயே தங்கி, ஓரமாக வழியும். தூக்கமே அதிகம். டாக்டர் வந்து பார்த்தார். இந்த முறை குழாயைப் பற்றி அவர் சொல்லவில்லை. என் கணவரைப் பார்த்தார், கேட்கிற மாதிரி.

"வேண்டாம் டாக்டர்" என்றார் என் கணவர். "அம்மாவுக்குப் பிடிக்காது."

நான் அந்த மனுஷரோடு அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் இவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொல்லிக் கேட்டேன். டாக்டர் தலையசைத்தார். வாயை மட்டும் காயவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வழக்கம்போல டிகாக்ஷன் இறக்கினேன். எதற்கு என்று தெரியாமல்தான் இறக்கினேன். கட்டிலில் விரல் லேசாக அசைந்தது, பிறகு அதுவும் நின்று காத்திருந்தது. நல்ல சர்க்கரை போட்டுக் கலந்து, ஆற்றி, என் விரல் நுனியைத் தோய்த்து அவர் உதட்டில் தடவினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் நாக்கு மெல்ல வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. மறுபடி தடவினேன். மறுபடி வந்தது.

செய்தி கேட்டு வந்து தலைமாட்டில் நின்றிருந்த நாத்தனார், "கொஞ்சம் நகந்துக்கோடி, நானும் குடுக்கறேன்" என்றார். அதே டம்ளரில், நான் விரல் விட்ட அதே காப்பியில், தன் விரலையும் தோய்த்தார். அம்மாவின் நாக்கு அந்த விரலையும் தேடிக்கொண்டு வந்தது.